ராஜபார்ட்டுக்கு ஒரு வாக்கெடுப்பு

2006 செப்டம்பர் 16ஆம் தேதி இரவு, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தொலைபேசி வாக்குகளின் பேரில், லண்டன் மேடைக்கு ஒரு கதாநாயகி தேர்ந்தெடுக்கப்பட்டார். நாடகம் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’. வேடம் மரியா. வென்றவர் கானி ஃபிஷர், வயது 23. பல்லேடியம் அரங்கில் நாடகம் அரங்கேற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மரியாவாக அவர் அந்த மேடையில் ஒரு அடி எடுத்து வைத்ததை யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டி முடித்துவிட்டிருந்தார்கள்.

நாடகத்தின் நீண்ட சரித்திரத்தில் பார்வையாளன் சும்மா இருந்தவனல்ல. நடிகனைத் தோளில் தூக்கியிருக்கிறான், கூச்சலிட்டு விரட்டியிருக்கிறான், அழுகின பழத்தை எறிந்திருக்கிறான். ஆனால் அதெல்லாம் வேடத்தைப் பார்த்த பிறகு. வேடத்துக்கு முன்னால் தீர்ப்பு என்பது இந்த அளவில் இதற்கு முன் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. 2006 முதல் 2012 வரை ஏழு வருஷ காலம் பிரிட்டனில் இது ஒரு வழக்கமாகவே இருந்தது, அமெரிக்காவுக்கும், கனடாவுக்கும், நெதர்லாந்துக்கும் பரவியது, பிறகு தேய்ந்தது. டெலிவிஷன் குப்பை என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. நம்மைப் போன்றவர்கள் அப்படித்தான் தள்ளுவோம். தள்ளிவிட்டால், நடிப்பு என்ற காரியத்துக்கு அங்கே என்ன நேர்ந்தது என்பது பார்க்கப்படாமலே போய்விடும்.

முதலில் விவகாரம் எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் என்ற பெயர் நமக்கு முற்றிலும் அன்னியமல்ல. ஏ. ஆர். ரஹ்மான் இசையில் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002இல் லண்டனில் ஏறியபோது அதன் தயாரிப்பாளர் அவர்தான். ‘எவிட்டா’, ‘கேட்ஸ்’, ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா’ என்று பல வருஷங்கள் ஓடுகிற இசை நாடகங்களைச் செய்தவர். 1997இல் பிரபு பட்டம் பெற்றவர். ரோட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் 1959இல் எழுதிய ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’கை லண்டனில் மீண்டும் மேடையேற்ற நினைத்தபோது, மரியா வேடத்துக்கு ஹாலிவுட் நட்சத்திரம் ஸ்கார்லெட் ஜோஹான்சனைக் கொண்டுவரப் பேச்சு நடந்தது. அது படியவில்லை. நட்சத்திரம் கிடைக்காவிட்டால் நட்சத்திரத்தைச் செய்துகொள்ள வேண்டியதுதான். பி.பி.சி.யின் சனிக்கிழமை இரவு அதற்குக் கிடைத்தது.

நிகழ்ச்சிக்கு அந்த நாடகத்துப் பாட்டு ஒன்றின் கேள்வியையே தலைப்பாக வைத்தார்கள். அடுத்தடுத்து வந்தவற்றுக்கும் அதே ரீதியில் பாட்டுத் தலைப்புகள். ஆடிஷன்களில் வடிகட்டி எடுத்த பத்துப் பன்னிரண்டு பேர் வாராவாரம் பாடுவார்கள். நடுவர்கள் கருத்துச் சொல்வார்கள். ஜனங்கள் போன் செய்வார்கள். கடைசி இடத்தில் நின்ற இரண்டு பேர் லாயிட் வெப்பர் முன்னால் மறுபடி பாட, அவர் ஒருவரைக் காப்பாற்றுவார். இறுதிக் கட்டத்தில் அவருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. ஜனங்கள் சொன்னதே முடிவு.

இந்த நிகழ்ச்சிகளை நான் பிற்பாடு பதிவுகளில்தான் பார்த்தேன். யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துகொண்டு பார்ப்பதில் ஒரு சௌகரியம்: பதற்றம் கழன்றுவிடுகிறது, சடங்கு மட்டும் மிஞ்சுகிறது. சிம்மாசனம் மாதிரியான நாற்காலியில் பிரபு உட்கார்ந்திருக்கிறார். தோற்றவர் அழாமல் பாடி விடைபெற வேண்டும். ஜோசப் வேடத்துக்கான போட்டியில் தோற்றவனின் வண்ணச் சட்டையை மற்றவர்கள் கழற்றுகிறார்கள். டோரதிக்கான போட்டியில் தோற்ற பெண் தன் சிவப்புச் செருப்பைக் கழற்றி பிரபுவிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு பிறைநிலாவில் ஏறி மேலே போய் மறைகிறாள். பட்டம் கட்டுவதற்கு எல்லா ஊரிலும் சடங்கு உண்டு. பட்டத்தைப் பிடுங்குவதற்கு இவ்வளவு விஸ்தாரமாக ஒரு சடங்கை வாராவாரம் நடத்தியது இங்கேதான். வேடம் இன்னும் கிடைக்காத ஒருத்தியிடமிருந்து அந்த வேடத்தின் ஆடையைப் பிடுங்குகிறார்கள். இதன் குரூரத்தைவிட இதன் தர்க்கம் என்னை யோசிக்க வைத்தது. வேடம் என்பது செய்ய வேண்டிய ஒரு வேலை என்பது போய், வைத்திருக்கக்கூடிய, பறிகொடுக்கக்கூடிய ஒரு சொத்தாக, ஒரு பரிசாக ஆகியிருக்கிறது.

இது திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. 1936இல் டேவிட் செல்ஸ்னிக் ‘கான் வித் தி விண்ட்’ நாவலின் உரிமையை வாங்கிய கையோடு ஸ்கார்லெட் ஓஹாரா வேடத்துக்குத் தேடல் ஒன்றை அறிவித்தார். அமெரிக்கத் தென் மாநிலங்களெங்கும் ஆட்கள் போனார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பார்க்கப்பட்டார்கள். இரண்டு வருஷம் பத்திரிகைகளில் அந்தப் பேச்சு ஓயவில்லை. கடைசியில் வேடம் இங்கிலாந்திலிருந்து வந்த விவியன் லீக்குப் போயிற்று. தேடல் படத்துக்கான ஆளைத் தரவில்லை. படத்துக்கான கூட்டத்தைத் தந்தது. 1988இல் ‘மிஸ் சைகோன்’ தயாரித்தவர்கள் மணிலா வரைக்கும் போய் லியா சலோங்காவைக் கண்டுபிடித்தது இன்னொரு மாதிரி. அங்கேயும் காமிரா இருந்தது. ஆனால் காமிராவுக்கு வாக்கு இல்லை. வியட்நாமியப் பெண்ணாக லண்டனில் நிற்கக்கூடிய ஒரு குரல் நிஜமாகவே வேண்டியிருந்தது, தேடினார்கள், கிடைத்தது.

இவற்றையெல்லாம்விட முக்கியமான முன்னோடி ‘எ கோரஸ் லைன்’. 1974 ஜனவரியில் நியூயார்க்கில் சில நடனக்காரர்கள் ராத்திரியில் கூடி, ஒலிப்பதிவுக் கருவியின் முன்னால் தங்கள் வாழ்க்கையைச் சொன்னார்கள். எல்லாரும் கோஷ்டியில் ஆடுபவர்கள்; பின்வரிசை. அந்தப் பேச்சிலிருந்து மைக்கேல் பென்னட் 1975இல் ஒரு நாடகம் செய்தார். கதை என்று பார்த்தால் ஒரு ஆடிஷன், அவ்வளவுதான். காலி மேடை, தரையில் ஒரு கோடு, இருட்டிலிருந்து ஒரு டைரக்டரின் குரல்: உன்னைப் பற்றிச் சொல். சொன்னார்கள். 1990 வரை 6,137 காட்சிகள் ஓடியது. தங்கள் கதைகளுக்கான உரிமையை அந்த நடனக்காரர்கள் தலைக்கு ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆடிஷனில் நிற்பவனின் பயமும் அவமானமும் விலைபோகிற சரக்கு என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் பென்னட்டின் நாடகம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கடைசிக் காட்சியில் ஒரே மாதிரி தங்க நிற உடையில், ஒரே மாதிரி தொப்பியோடு, ஒரே வரிசையில் ஆடுகிறார்கள். இரண்டு மணி நேரம் ஒவ்வொருவராக நாம் தெரிந்துகொண்ட முகங்கள் இப்போது எது எது என்று அடையாளம் தெரியவில்லை. தேர்ந்தெடுக்கப்படுவது என்றால் கரைந்துபோவது. மேடையைத் தொழிலாகக் கொண்டவனின் கசப்பான அறிவு அது. டெலிவிஷன் அந்த நாடகத்தின் முதல் பாதியை எடுத்துக்கொண்டு கடைசிக் காட்சியைத் தலைகீழாக்கிவிட்டது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவள் எந்த வேடத்திலும் கரைய அனுமதி இல்லை. மரியாவாக அவள் வரும்போது ஜனங்கள் கானியைப் பார்க்க வேண்டும். அதற்குத்தானே போன் செய்தார்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால் ‘தெருவிலிருந்து கண்டெடுத்த மாணிக்கம்’ என்ற கதை நிற்கவில்லை. கானி ஃபிஷர் லண்டனில் மௌண்ட்வியூ நாடகப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். வேலை கிடைக்காமல் போனில் சரக்கு விற்கும் வேலையில் இருந்தார். நிகழ்ச்சி அந்தப் போன் விற்பனையைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியது. 2007இல் ‘எனி ட்ரீம் வில் டூ’ நிகழ்ச்சியில் ஜோசப்பாக வென்ற லீ மீட், அதற்கு முந்தின வாரங்களில் லாயிட் வெப்பரின் சொந்த நாடகமான ‘ஃபாண்டம்’ கோஷ்டியில் பாடிக்கொண்டிருந்தவர்; முக்கிய நடிகர் வராத நாளில் ரவுல் வேடத்துக்கு ஏறுகிற மாற்று நடிகர். அந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டுத்தான் போட்டிக்கு வந்தார். தன் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டிருந்த ஆளைக் கண்டுபிடிக்கப் பிரபுவுக்கு ஒரு தேசத்தின் வாக்கு தேவைப்பட்டது! தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. இருவரும் வேடத்தைச் சரியாகவே செய்தார்கள் என்றுதான் லண்டன் விமர்சகர்கள் பெரும்பாலும் எழுதினார்கள். கானியின் குரல் பற்றி, சந்தேகத்தோடு போனவர்கள்கூட. மேடையில் மாற்று நடிகர் என்ற ஸ்தானம் எவ்வளவு இருட்டானது என்பதுதான் இதில் தெரிகிறது. டெலிவிஷன் வெளிச்சம் போட்டபோதுதான் அங்கே ஆள் இருப்பது தெரிந்தது.

கானியை ஜனங்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் மர்மமல்ல. 1965இல் வந்த சினிமாவின் ஜூலி ஆண்ட்ரூஸ்தான் அவர்கள் எல்லோர் மனதிலும் இருந்த மரியா. அந்தத் தெளிவான உச்சரிப்பு, அந்தக் குட்டை முடி, அந்தத் துடிப்பு. புதிய மரியா ஒருத்தி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நினைவில் இருப்பதற்கு மிக அருகில் வருகிறவரைத் தேர்ந்தெடுப்பது வாக்கெடுப்பின் சுபாவம். அப்படியல்லாமல் நடக்க வேண்டும் என்றால் கற்பனை வேண்டும். அது ஒரு டைரக்டரின், ஒரு தனி மனிதனின் காரியம். தப்பாகவும் போகக்கூடிய காரியம்.

அதே நாடகத்தில் கேப்டன் ஃபான் ட்ராப் வேடத்துக்கு என்ன நடந்தது? சைமன் ஷெப்பர்ட் என்ற நடிகர் வழக்கமான முறையில் அமர்த்தப்பட்டார்; இரண்டே முன்காட்சிகளுக்குப் பிறகு விலகினார்; அலெக்சாண்டர் ஹான்சன் அந்த இடத்துக்கு வந்தார். மேடை உலகத்தில் சர்வ சாதாரணம். அரங்கேற்றத்துக்கு முன் பொருந்தாததை மாற்றுவதற்குத்தான் முன்காட்சி என்பதே. ஆனால் மரியா சரியில்லை என்று அந்த வாரம் டைரக்டர் ஜெரமி சாம்ஸுக்குத் தோன்றியிருந்தால்? மாற்றியிருக்க முடியுமா? இருபது லட்சம் வாக்கு! கேப்டன் வேலையில் இருந்தார். மரியா பதவியில் இருந்தார். எனக்கு இந்த ஏழு வருஷச் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது.

அரசாங்க டெலிவிஷன் என்று நாம் தளர்வாகச் சொல்லும் பி.பி.சி. உண்மையில் ஜனங்களின் லைசென்ஸ் கட்டணத்தில் நடக்கிற ஸ்தாபனம்; விளம்பரம் போடக் கூடாது என்பது அதன் விரதம். ஒரு தனியார் நாடகத்துக்கு அது வாரக்கணக்கில் முகூர்த்த நேரத்தைத் தருகிறதே, இது விளம்பரம் இல்லையா என்று மற்ற நாடகக்காரர்கள் கேட்டார்கள். ஓல்ட் விக் அரங்கின் கலை இயக்குநராக அப்போது இருந்த கெவின் ஸ்பேசி 2008இல் இதைப் பகிரங்கமாகவே கேட்டார்: என் நாடகத்துக்கு எங்கே இத்தனை வாரம் என்ற மாதிரி. கேள்வி நியாயம்தான், என்றாலும் பங்கு கேட்கிற கேள்வி. இசை நாடகத்துக்குப் புதிய ஜனங்கள் வந்தார்கள் என்பது எதிர்த்தரப்பின் பதில். வந்தார்கள். எதைப் பார்க்க வந்தார்கள் என்பதை இரண்டு தரப்பும் கேட்டுக்கொள்ளவில்லை.

2008க்கு வருகிறேன். ‘ஐ’ட் டூ எனிதிங்’ என்ற நிகழ்ச்சி. லயனல் பார்ட் 1960இல் எழுதிய ‘ஆலிவர்!’ நாடகத்தின் நான்சி வேடத்துக்கு. கூடவே ஆலிவராக நடிக்கச் சிறுவர்கள். பையன்களில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து முறை வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் இத்தனை காட்சிக்கு மேல் நடிக்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. பையன்களின் விஷயத்தில் ஜனங்கள் வாக்களிக்கவும் இல்லை. நம் பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு உடைகிற நாள் வரைக்கும் பையனைப் பிழிந்ததை நினைத்தால், இந்த இடத்தில் அவர்களிடம் கொஞ்சம் விவேகம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு அந்தக் கரிசனம் இல்லை.

இறுதியில் நின்றவர்கள் இரண்டு பேர். ஜோடி பிரெங்கர், 28 வயது, பிளாக்பூல்காரர். பல வருஷம் சின்ன மேடைகளில் பாடி வந்தவர். 2006இல் உடல் எடை குறைக்கும் போட்டி ஒன்றில் டெலிவிஷனில் ஏற்கனவே ஜெயித்தவரும்கூட. மற்றவர் ஜெஸ்ஸி பக்லி, 18 வயது, அயர்லாந்தில் கில்லார்னியிலிருந்து வந்தவர். ஜெஸ்ஸி பாடுவதைப் பார்த்தால் இன்றும் ஒருவித அசௌகரியம் ஏற்படுகிறது. பாட்டு அவரிடமிருந்து வருகிறதா, அவர் மீது வந்து இறங்குகிறதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் அபாரம், மறுவாரம் கோணல். நிற்பதும் நடப்பதும் பெண்மையாக இல்லை என்ற மாதிரிக் குறைகள் அவருக்கு மேடையிலேயே சொல்லப்பட்டன; நளினத்துக்குப் பயிற்சி வேறு கொடுத்தார்கள். நான்சி என்பவள் லண்டன் சேரியின் திருடர் கூட்டத்தில் வளர்ந்தவள், மதுக்கடையில் பாடுகிறவள், தன்னை அடிக்கிறவனையே விட்டுப் போக முடியாமல் அவன் கையாலேயே சாகிறவள் என்பது அந்த நளின ஆசிரியர்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது.

லாயிட் வெப்பர் தனக்கு ஜெஸ்ஸிதான் வேண்டும் என்பதை ஒளிக்கவில்லை. ஜனங்கள் ஜோடியைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரபுவின் முகத்தை காமிரா காட்டியது.

இதை ஜனங்களின் ரசனைக் குறைவு என்று எழுதுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் குறிப்பிட்ட நான்சிக்கு, அந்தப் பெரிய அரங்குக்கு, ஜோடியின் தாராளமான குரலும் கள்ளுக்கடைச் சிரிப்பும் பொருத்தம்தான். டைரக்டரே தேர்ந்தெடுத்திருந்தாலும் அது நியாயமான தேர்வாக இருந்திருக்கும். ஆனால் ஜனங்கள் தேர்ந்தெடுத்தது அதற்காக என்று அந்த இறுதி இரவின் பதிவைப் பார்த்தவர் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சிறுபெண்ணுக்கு வயது இருக்கிறது, இன்னும் எத்தனையோ வரும்; இவளுக்கு இதை விட்டால் இல்லை என்ற உணர்ச்சி அந்த இரவு முழுவதும் இருந்தது. அது கருணை. ஒருவகையில் நீதியும்கூட. வருஷக்கணக்கில் வாசலில் நின்றவளை உள்ளே விட்டார்கள். சாதாரண மனிதர்கள் அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்கிற நல்ல குணம்தான் அது. அதை இகழ எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீதியும் கருணையும் வேடம் பங்கிடுகிற இடத்துக்கு வந்தால், நான்சி என்ற பெண் அங்கே யார்? அவளுக்கு வாக்கு இல்லை. அவளுக்கு எது தேவை என்று அந்த அரங்கில் யாரும் கேட்கவில்லை. ஜோடிக்கு எது தேவை என்று கேட்டார்கள்.

‘ஆலிவர்!’ 2009 ஜனவரி 14ஆம் தேதி ட்ரூரி லேன் அரங்கில் திறந்தது. அந்தக் கட்டடம் 1812இல் கட்டியது. அங்கே 1814 ஜனவரி 26ஆம் தேதி இரவு என்ன நடந்தது என்பது ஆங்கில நாடக சரித்திரத்தில் எல்லோரும் சொல்கிற கதை. அரங்கம் திவாலாகும் நிலையில் இருக்கிறது. வெளியே கடும் பனிக்காலம். ஊர் ஊராகச் சுற்றி நடித்துப் பட்டினி கிடந்த, குள்ளமான, கரகரத்த குரலுள்ள எட்மண்ட் கீன் என்ற ஆளை ஷைலக் வேடத்தில் விடுகிறார்கள். பெயருக்கு ஒரு ஒத்திகை. ஷைலக் என்றால் செந்தாடி, செம்முடி என்பது சம்பிரதாயம். இவன் கறுப்பு முடியோடு வருகிறான். பாதி காலியான அரங்கு. விமர்சகர் வில்லியம் ஹாஸ்லிட் அங்கே உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் பத்திரிகையில் எழுதுகிறார். அந்த இரவு முடிவதற்குள் கூட்டம் கீனைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதுவும் வாக்கெடுப்புத்தான். அவனுடைய பசியைப் பற்றி, குழந்தையைப் பறிகொடுத்ததைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஷைலக். ஷைலக்கின் வழியாகத்தான் அவர்கள் கீனை அடைந்தார்கள். அதே கூரையின் கீழ், 195 வருஷம் கழித்து, ஜோடி வழியாக நான்சியை அடைய வேண்டியிருந்தது. நான்சி உள்ளே வரும்போது எழுந்த கரகோஷம் நான்சிக்கா? இரண்டாம் பாதியில் சைக்ஸ் அவளை அடித்துக் கொல்லும்போது கூட்டம் யாருக்காக மூச்சைப் பிடித்துக்கொள்ள முடியும்? முந்தின மே மாதமே எல்லாம் சுபமாக முடிந்துவிட்டதே. அந்தக் கதையின் பின்குறிப்பாகத்தானே இந்த நாடகம் நடக்கிறது.

கீனையும் கூட்டம் கடைசியில் விட்டுவைக்கவில்லை என்பது உண்மை. 1825இல் அவனுடைய சொந்த வாழ்க்கை கோர்ட்டில் சந்தி சிரித்தபோது அதே அரங்கில் கூச்சலிட்டார்கள். ஆக, நடிகனுடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு நாடகம் பார்ப்பது டெலிவிஷன் கண்டுபிடித்த வியாதி அல்ல. முன்பு அது வம்பாக வந்து சேர்ந்தது. இங்கே அதுவே நுழைவுச் சீட்டு.

மேடை உடம்பின் மேல் நடக்கிற காரியம் என்பதை வாக்கெடுப்பு எங்கும் கணக்கில் எடுக்கவில்லை. டெலிவிஷனில் வாரத்துக்கு இரண்டு மூன்று பாட்டு. லண்டன் மேடையில் வாரத்துக்கு எட்டுக் காட்சி. கானி ஃபிஷரால் எல்லாக் காட்சிகளையும் ஏற்க முடியவில்லை. 2007இல் சில காட்சிகளில், அதே போட்டியில் தோற்ற ஈஃபா மல்ஹாலண்ட் மரியாவாக நின்றார். அந்த நாட்களில் டிக்கெட் வாங்கியவர்கள் தாங்கள் வாக்களித்துத் தோற்கடித்தவரைப் பார்த்தார்கள். பிற்பாடு கானியின் தொண்டை கெட்டது. குரல்நாண்களில் பிறவியிலேயே இருந்த கோளாறு என்று தெரியவந்தது. 2012இல் ‘வொண்டர்ஃபுல் டவுன்’ நாடகச் சுற்றுப்பயணத்திலிருந்து விலக நேர்ந்தது. பழைய குரல் திரும்பவில்லை. பிறவிக் கோளாறுக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சின்ன வேடம், மாற்று நடிகர், கோஷ்டி என்று நாடகத் தொழில் வைத்திருந்த படிகளுக்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு குரல் எவ்வளவு தாங்கும் என்று அந்தக் குரலின் சொந்தக்காரியே அங்கேதான் தெரிந்துகொள்கிறாள்.

கானிக்குப் பிறகு 2008 பிப்ரவரியில் மரியாவாக வந்த சம்மர் ஸ்ட்ராலன் விஷயம் விசித்திரமானது. ‘ஹாலிஓக்ஸ்’ என்ற டெலிவிஷன் தொடரில் சம்மர் என்ற பாத்திரமாக அவரை நுழைத்தார்கள். அந்தப் பாத்திரம் கதைக்குள்ளேயே மரியா வேடத்துக்கு முயல்கிறது. அதன் முடிவில் நிஜ சம்மர் நிஜப் பல்லேடியத்தில் மரியாவாகிறார். முதலில் வாக்கெடுப்பு நாடகத்தைப் போல நடந்தது. இரண்டாவது தடவை வாக்கெடுப்பே வேண்டியிருக்கவில்லை, தேர்ந்தெடுக்கப்படுகிற கதை மட்டும் போதும் என்று ஆகிவிட்டது. லீ மீட் விலகியதும் 2009இல் ஜோசப்பாக வந்தவர் கேரத் கேட்ஸ், 2002இல் ஒரு பாட்டுப் போட்டியில் இரண்டாவதாக வந்து பிரசித்தி பெற்றவர்.

அமெரிக்காவில் இது ஒட்டவில்லை. 2007இல் என்.பி.சி. ‘க்ரீஸ்’ நாடகத்துக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தது. மேக்ஸ் க்ரம், லாரா ஆஸ்னஸ். நாடகம் 2009 தொடக்கம் வரை ஓடியது. 2008இல் எம்.டி.வி. ‘லீகலி ப்ளாண்ட்’ நாடகத்தின் கதாநாயகிக்குப் போட்டி வைத்தது. வென்ற பெண் ஜூலையில் ஏறினார், அக்டோபரில் நாடகமே இறங்கிவிட்டது. இரண்டாவதாக வந்தவருக்கு மாற்று நடிகர் வேலை கிடைத்தது. நெதர்லாந்தில் 2007இல் எவிட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். வானொலி நடிகையாக ஆரம்பித்து ஜனங்களின் ஆரவாரத்தில் ஏறி நாட்டையே பிடித்த எவா பெரோனின் வேடத்தை ஜனங்களின் வாக்கில் கொடுப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இந்த வரிசையில் இது ஒன்றுதான் நாடகத்துக்கும் முறைக்கும் ஏதோ பேச்சுவார்த்தை இருந்த இடம். கனடாவில் மறுபடியும் மரியா.

லண்டனில் 2010இல் டோரதி. வென்றவர் டேனியல் ஹோப். அந்த வருஷம் டோட்டோ நாய்க்கும் போட்டி வைத்தார்கள். நாய்க்கு எந்தப் பின்கதையும் தேவைப்படவில்லை என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. 2012 ஜூலையில் பி.பி.சி.யை விட்டு ஐ.டி.வி.க்குப் போய் ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டா’ருக்கு ஏசுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாடகத்தின் பாடல்களை எழுதிய டிம் ரைஸுக்கே இது பிடிக்கவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. பிலாத்துவின் முன்னால் ஜனங்களின் குரல் எழுந்தபோது கூட்டம் சிலுவையில் அறையச் சொன்னது என்பது அந்த நாடகத்தின் கதைக்குள்ளேயே இருக்கிற விஷயம். தயாரிப்புக் கூட்டத்தில் ஒருவருக்காவது அது நினைவுக்கு வந்திருக்காதா? பென் ஃபார்ஸ்டர் வென்றார். யூதாஸாக டிம் மின்சின், மக்தலேனாவாக மெலனி சி. இரண்டு பேருமே ஏற்கனவே பிரபலங்கள், யாரும் வாக்களிக்காமலே அமர்த்தப்பட்டவர்கள். அதோடு வேகம் போய்விட்டது.

தோற்றவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜெஸ்ஸி பக்லி அதே 2008இல் மெனியர் சாக்லெட் ஃபேக்டரி என்ற சின்ன அரங்கில் சோண்டைமின் ‘எ லிட்டில் நைட் மியூசிக்’கில் ஒரு துணை வேடத்தில் நடித்தார், பிறகு ராடாவில் சேர்ந்து நடிப்புப் படித்தார், ஷேக்ஸ்பியர் செய்தார். 2018இல் ‘வைல்ட் ரோஸ்’ படத்தில் பாடகியாக வந்தபோது, பாட்டு அவர் மீது வந்து இறங்குகிற அந்தப் பழைய அசௌகரியம் அப்படியே இருந்தது. இப்போது அவருக்கு அதை என்ன செய்வது என்று தெரிந்திருந்தது. ‘கேபரே’ நாடகத்துக்காக 2022இல் ஒலிவியே விருது வாங்கினார். நான்சி கிடைத்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்வது ஜோசியம், நான் சொல்லவில்லை. முடியாத, கோணலான, இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிற ஒன்றை வாக்கெடுப்பால் பார்க்க முடியவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். ரேச்சல் டக்கர் என்ற இன்னொருவர், அதே போட்டியில் இறுதிக்கு முன்பே வெளியேறியவர், ‘விக்கெட்’ நாடகத்தில் எல்ஃபபாவாக வருஷக்கணக்கில் நின்றார்.

மூன்றாவதாக வந்தவர் சமந்தா பார்க்ஸ். அவர் சில வருஷம் கழித்து ‘ஆலிவர்!’ வெளியூர்ச் சுற்றுப்பயணத்தில் நான்சியாகவே நடித்தார், யாருடைய வாக்கும் இல்லாமல். 2012இல் ‘லே மிஸராப்ல்’ சினிமாவில் எப்போனின். 2021இல் ‘ஃப்ரோசன்’ லண்டனுக்கு வந்தபோது எல்சா வேடத்தில், நான்சிக்காகத் தோற்ற அதே ட்ரூரி லேன் மேடையில் ஏறினார். 2023இல் ஐ.டி.வி. இந்தப் பழைய வியாபாரத்தை ஒரு தடவை தூசி தட்டி எடுத்தது, ‘மம்மா மியா!’ என்ற, அப்போது இருபத்தைந்தாவது வருஷத்தை நெருங்கிக்கொண்டிருந்த நாடகத்துக்கு ஒரு ஜோடி தேடினார்கள். போட்டியாளர்கள் கிரேக்கத் தீவு ஒன்றில் கடற்கரையில் நின்று பாடினார்கள். நடுவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நால்வரில் ஒருவர் சமந்தா பார்க்ஸ்.